ஆப் நல்லா இருக்கு, ஷேர் வாங்கலாமா? ஒரு பிரியாணி ஆர்டர் கணக்கு

கொஞ்ச நாளா எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "ப்ரோ, நான் தினமும் யூஸ் பண்ற ஆப் இப்போ ஐபிஓ வருது. ஆப் செமயா இருக்கு. ஷேர் வாங்கலாமா?" கோயம்புத்தூர்ல இருக்கிற என் அத்தை பையனும் இதையேதான் கேட்டான். அவனுக்கு வேலைல சேர்ந்து முதல் போனஸ் வந்திருக்கு. முழுசா அதுல போடலாம்னு ஒரு ஐடியா. எந்த ஆப்னு சொல்ல மாட்டேன், ஏன்னா அது முக்கியம் இல்ல.

"ஆப் நல்லா இருக்கா"ங்கிறது ஒரு கேள்வி. "இந்தக் கம்பெனியோட ஒரு துண்டை இந்த விலைக்கு வாங்கலாமா"ங்கிறது வேற கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் உங்க போன்லயே இருக்கு. ரெண்டாவதுக்கு ஒரு பேப்பர், பேனா, நாலாங்கிளாஸ் பெருக்கல் வகுத்தல் போதும். ஆனா அதை யாரும் போட்டுப் பார்க்கிறதில்ல.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடுறேன். நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். செபில பதிவு பண்ண ஆலோசகர் கிடையாது. அதனால இப்போ சந்தையில இருக்கிற எந்த ஷேரையும் வாங்கு, வித்துடுன்னு சொல்லப் போறதில்ல. அதுக்குப் பதிலா, விடை தெரிஞ்ச ஒரு பழைய கேள்வித்தாளை எடுத்து நாம உட்கார்ந்து எழுதிப் பார்ப்போம். 2021 ஜூலைல வந்த ஜொமேட்டோ ஐபிஓ. அன்னிக்கு நம்ம கைல என்ன தகவல் இருந்துச்சு, அதை வச்சு என்ன முடிவு பண்ணியிருக்கலாம், அப்புறம் நிஜமா என்ன நடந்துச்சு. இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கலாம்.

ஐபிஓ விலை ஒரு ஷேருக்கு 76 ரூபாய். மொத்தம் 9,375 கோடி ரூபாய் திரட்டுனாங்க. விக்க வச்ச ஷேரைப் போல 38 மடங்குக்கும் மேல கேட்டாங்க. 2021 ஜூலை 23-ம் தேதி என்எஸ்இ-ல 116 ரூபாய்க்கு லிஸ்ட் ஆச்சு, அன்னிக்கு சாயங்காலம் 126 ரூபாய் பக்கத்துல முடிஞ்சது. ட்விட்டர் முழுக்க பிரியாணி மீம்.

இங்கயே ஒரு சின்ன நிறுத்தம். நிறைய பேர் "76 ரூபாய்தானே, சீப்பா இருக்கு"ன்னு சொன்னாங்க. நாலு மாசம் கழிச்சு பேடிஎம் 2,150 ரூபாய்க்கு வந்தப்போ "ரொம்ப காஸ்ட்லி"ன்னாங்க. ஒரு ஷேரோட விலை தனியா எதையும் சொல்லாது. பீட்சாவை எட்டு துண்டா வெட்டினா ஒரு துண்டு விலை ஒண்ணு, பதினாறா வெட்டினா வேற. நமக்கு வேணும்கிறது முழு பீட்சாவோட விலை. ஜொமேட்டோல மொத்தம் கிட்டத்தட்ட 784 கோடி ஷேர். 76-ஆல பெருக்கினா சுமார் 60,000 கோடி ரூபாய். லிஸ்டிங் அன்னிக்கு சாயங்கால விலைல பெருக்கினா ஒரு லட்சம் கோடியைத் தொடுற தூரம்; நடுவுல அந்த எல்லையைத் தாண்டியும் போச்சு. அந்தக் கம்பெனியோட 2020-21 வருமானம் 2,000 கோடிக்குக் கொஞ்சம் கம்மி. நஷ்டம் 816 கோடி. அதாவது வருஷ விற்பனையைப் போல 30 மடங்கு விலை, லாபம் இன்னும் வரல.

இதைக் கேட்டதும் "அப்போ மோசம்"னு முடிவு பண்ணிடாதீங்க. நஷ்டத்துல இருக்கிற கம்பெனியை வாங்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. கேள்வி என்னன்னா, அந்த நஷ்டம் எந்த மாதிரி நஷ்டம்? கடையைப் பெருசாக்க செலவு பண்றதால வர்றதா, இல்ல ஒவ்வொரு சாமானையும் அடக்க விலைக்குக் கீழ விக்கிறதால வர்றதா? முதல் வகை சரியாகலாம். ரெண்டாவது வகைல வியாபாரம் கூடக் கூட நஷ்டமும் கூடும்.

இதைக் கண்டுபிடிக்க ஐபிஓ ஆவணம் இருக்கு. ஆர்ஹெச்பின்னு சொல்வாங்க. செபி வெப்சைட்ல யார் வேணா இலவசமா எடுக்கலாம். நானூறு ஐநூறு பக்கம் இருக்கும், பாதி வக்கீல் மொழி. முழுசா படிக்கத் தேவையில்ல. ஒரு புது கோட்பேஸ் கைல கொடுத்தா நாம முதல் ஃபைல்ல இருந்து கடைசி ஃபைல் வரை வரிசையா படிப்போமா? முக்கியமான ஃபங்க்ஷன் எது, அது எங்க இருந்து கூப்பிடப்படுதுன்னு தேடுவோம். இதுவும் அப்படித்தான்.

இன்டர்நெட் கம்பெனில அந்த முக்கியமான ஃபங்க்ஷன், ஒரே ஒரு பரிவர்த்தனை. ஒரு ஆர்டர், ஒரு டிக்கெட், ஒரு சவாரி. ஜொமேட்டோ ஆவணத்துல அது இருந்துச்சு. நீங்க ஒரு பிரியாணி ஆர்டர் பண்றீங்க. ஹோட்டல்காரர் கமிஷன் கொடுக்கிறார், நீங்க டெலிவரி கட்டணம் கொடுக்கிறீங்க. இது உள்ள வர்ற காசு. வெளிய போறது டெலிவரி பண்றவருக்குக் கொடுக்கிற கூலி, உங்களுக்குக் கொடுத்த தள்ளுபடி, பேமென்ட் கேட்வே, கஸ்டமர் கேர். இதெல்லாம் போக மிச்சம் எவ்வளவு?

2019-20-ல ஒரு ஆர்டருக்கு சுமார் 30 ரூபாய் நஷ்டம். 2020-21-ல ஒரு ஆர்டருக்கு சுமார் 20 ரூபாய் மிச்சம். ஒரே வருஷத்துல 50 ரூபாய் திரும்பியிருக்கு. ஐபிஓ நேரத்துல டிவில பேசின பல பேர் இந்த ஒரு நம்பரை வச்சுத்தான் "கம்பெனி திரும்பிடுச்சு"ன்னு சொன்னாங்க.

ஆனா ஏன் திரும்புச்சு? அந்த ரெண்டு வருஷத்தையும் யோசிச்சுப் பாருங்க. முதல் வருஷத்துல ஆர்டர் எண்ணிக்கை 40 கோடி, ஒரு ஆர்டரோட சராசரி தொகை 280 ரூபாய் பக்கம். ரெண்டாவது வருஷம் கொரோனா. ஆர்டர் 24 கோடியா குறைஞ்சது, ஆனா சராசரி தொகை 400 ரூபாய் பக்கம் போயிடுச்சு. ஆபீஸ்ல தனியா உட்கார்ந்து ஒரு ஃப்ரைட் ரைஸ் வாங்கினவர் ஊருக்குப் போயிட்டார். வீட்ல நாலு பேருக்குச் சேர்த்து ஆர்டர் போட்டாங்க. ஒரே வண்டி, ஒரே பெட்ரோல், உள்ள பெரிய பார்சல். தள்ளுபடியும் குறைஞ்சது, ஏன்னா வெளிய போய் சாப்பிட வழியே இல்ல. அப்போ ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய்ங்கிறது கம்பெனியோட திறமை எவ்வளவு, லாக்டவுனோட புண்ணியம் எவ்வளவு? அன்னிக்கு ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க வழி இல்ல. நாலஞ்சு காலாண்டு காத்திருந்தாதான் தெரியும்.

சரி, தாராளமாவே இருப்போம். 20 ரூபாய் நிலைச்சு நிக்கும்னே வச்சுக்குவோம். இப்போ கணக்கைத் திருப்பிப் போடுங்க. கம்பெனி விலை 60,000 கோடி. நல்லா ஓடுற ஒரு கம்பெனிக்கு வருஷ லாபத்தைப் போல 40 மடங்கு விலை கொடுக்கலாம்னு வச்சுக்குவோம், அதுவே தாராளம்தான். அப்போ வருஷத்துக்கு 1,500 கோடி லாபம் வேணும். ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய்னா 75 கோடி ஆர்டர். அதுவும் விளம்பரச் செலவு, என்னை மாதிரி இன்ஜினியர்களோட சம்பளம், ஆபீஸ் வாடகை, வருமான வரி எதுவுமே இல்லைங்கிற கற்பனை உலகத்துல. லிஸ்டிங் அன்னிக்கு சாயங்கால விலைக்கு இதே கணக்கு 120 கோடி ஆர்டருக்கு மேல போகும். கொரோனாவுக்கு முந்தின நல்ல வருஷத்துல வந்தது 40 கோடி.

இது நடக்காதுன்னு நான் சொல்லல. நடக்கலாம். ஆனா 126 ரூபாய்க்கு வாங்கினவர், இதெல்லாம் நடந்து முடிஞ்ச ஒரு கம்பெனிக்கான விலையை முன்பணமா கொடுத்துட்டார். எல்லாம் சரியா நடந்தா அவர் கொடுத்த காசுக்கு நியாயம் கிடைக்கும், அவ்வளவுதான். அதுக்கு மேல லாபம் வரணும்னா இதைவிடப் பெருசா ஏதாவது நடக்கணும்.

அஸ்வத் தாமோதரன்னு ஒருத்தர் இருக்கார். சென்னையில வளர்ந்தவர், நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர், ஒரு கம்பெனிக்கு எப்படி மதிப்பு போடுறதுன்னு பாடம் எடுக்கிறதுல உலகம் முழுக்கத் தெரிஞ்ச பேர். அவர் இந்தக் கணக்கை ஒழுங்கா, பத்து வருஷத்துக்கு நீட்டிப் போட்டார். சாப்பாடு டெலிவரி சந்தை நல்லாவே வளரும், ஜொமேட்டோ அதுல பெரிய பங்கைப் பிடிக்கும்னு வச்சுக்கிட்டே போட்ட கணக்குதான். அவருக்கு வந்த விடை ஒரு ஷேருக்கு 41 ரூபாய். லிஸ்டிங்குக்கு முன்னாடியே வெளியிட்டார். நிறைய பேர் சிரிச்சாங்க.

அந்த 41-க்கு அப்புறம் வர்றேன். அதுக்கு முன்னாடி ஆவணத்துல பார்க்க வேண்டிய இன்னும் ரெண்டு இடம்.

ஒண்ணு, நாம போடுற காசு யார் பாக்கெட்டுக்குப் போகுது? ஐபிஓல ரெண்டு வகை உண்டு. கம்பெனி புதுசா ஷேர் உருவாக்கி வித்தா காசு கம்பெனிக்கு வரும். பழைய முதலீட்டாளர் தன் ஷேரை வித்தா காசு அவர் வீட்டுக்குப் போகும். இதைத்தான் ஓஎஃப்எஸ்னு சொல்றாங்க. ஜொமேட்டோல 9,000 கோடி கம்பெனிக்கு, 375 கோடி மட்டும் பழைய முதலீட்டாளரான இன்ஃபோ எட்ஜுக்கு. நௌக்ரி வெப்சைட் நடத்துறவங்க. பேடிஎம்ல 18,300 கோடில 10,000 கோடி பழையவங்களுக்கு. 2024-ல வந்த ஸ்விக்கிலயும் பாதிக்கு மேல அப்படித்தான். பழையவங்க விக்கிறது பாவம் இல்ல. பத்து வருஷம் காத்திருந்தவங்க காசு எடுக்கத்தான் செய்வாங்க. ஆனா உள்ள இருந்து எல்லாத்தையும் பார்த்த ஒருத்தர் விக்கிற விலைக்கு, வெளிய இருந்து ஆப் மட்டும் பார்த்த நாம வாங்குறோம்ங்கிறது ஞாபகத்துல இருக்கட்டும்.

இன்னொண்ணு, "அட்ஜஸ்டட்"னு ஆரம்பிக்கிற எந்த நம்பரையும் சந்தேகமா பாருங்க. அட்ஜஸ்டட் எபிட்டான்னு ஒண்ணு போடுவாங்க. பல கம்பெனில அதுல ஈசாப் செலவைக் கழிக்க மாட்டாங்க, அதாவது ஊழியர்களுக்குச் சம்பளத்தோட கொடுக்கிற ஷேர். "அது காசா வெளிய போகலையே, அதனால செலவு இல்ல"ன்னு விளக்கம். நம்ம துறைல வேலை பார்க்கிறவங்களுக்கு இதுல இருக்கிற காமெடி புரியும். நமக்கு ஆஃபர் லெட்டர் கொடுக்கும்போது அதே ஈசாப்பைச் சேர்த்துத்தான் "உங்க சிடிசி இவ்வளவு லட்சம்"னு சொல்வாங்க. ஊழியர்கிட்ட அது சம்பளம், முதலீட்டாளர்கிட்ட அது செலவே இல்ல! ரெண்டும் எப்படி உண்மையா இருக்கும்? அந்த ஷேர் ஒவ்வொண்ணும் உங்க பங்கைக் கொஞ்சம் சின்னதாக்குது. பீட்சா அதே அளவுதான், துண்டு மட்டும் கூடுது.

அதே மாதிரி, லாபம் வந்துடுச்சுன்னு தலைப்புச் செய்தி வந்தா எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு வரி கீழ பாருங்க. ஜொமேட்டோ முதன்முதலா 2023 ஏப்ரல்-ஜூன் காலாண்டுல 2 கோடி லாபம் காட்டுச்சு. அதே காலாண்டுல இதர வருமானம்னு நூறு கோடிக்கு மேல இருந்துச்சு. ஐபிஓல திரட்டுன காசைச் சும்மா வச்சிருந்தாலே வட்டி வருமே, அந்த மாதிரி வருமானம். தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அது பிரியாணி வித்து வந்த காசு இல்ல.

பேடிஎம் கதையைச் சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா "எல்லாரும் யூஸ் பண்றாங்க"ங்கிற வாதத்துக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. 2021-ல டீக்கடை, காய்கறி வண்டி, ஆட்டோன்னு எங்க பார்த்தாலும் அந்த நீல ஸ்டிக்கர். ஆனா 2020 ஜனவரில இருந்து யுபிஐ பரிவர்த்தனைக்குக் கடைக்காரர்கிட்ட கட்டணமே வாங்கக் கூடாதுன்னு அரசு முடிவு பண்ணிடுச்சு. நாம ஸ்கேன் பண்ணி டீ வாங்குற அந்த ஒரு பரிவர்த்தனைல, நாம கணக்குப் போட வேண்டிய அந்த "ஒரு ஆர்டர்"ல, கட்டண வருமானம் பூஜ்யம். வருமானம் வேற எங்க இருந்தோ வரணும்: கடன் வாங்கிக் கொடுக்கிறது, சவுண்ட் பாக்ஸ் வாடகை, விளம்பரம். வருஷ வருமானம் சுமார் 2,800 கோடி, கேட்ட விலை சுமார் 1.39 லட்சம் கோடி. 50 மடங்கு. 2021 நவம்பர் 18-ம் தேதி லிஸ்ட் ஆன அன்னிக்கே 27 சதவீதம் விழுந்துச்சு. 2024 முடியிற வரைக்கும் அந்த 2,150-ஐ மறுபடி பார்க்கல. எத்தனை பேர் யூஸ் பண்றாங்கங்கிறது பாதிக் கேள்விதான். யூஸ் பண்றவங்க காசு கொடுக்கிறாங்களா?

இப்போ விலை விஷயம். புதுசா லிஸ்ட் ஆன கம்பெனியோட விலைல ஒரு தந்திரம் ஒளிஞ்சிருக்கு. இதை யாரும் ஸ்கூல்ல சொல்லித் தர்றதில்ல. லிஸ்ட் ஆன முதல் நாள் ஒரு கம்பெனியோட எல்லா ஷேரும் சந்தைல கிடைக்காது. பழைய முதலீட்டாளர்கள் கைல இருக்கிற பெரும்பகுதி பூட்டி வச்சிருக்கும். இதுக்குப் பேர் லாக்-இன். கோயம்பேட்டுக்கு நூறு லோடு தக்காளி வர வேண்டிய நாள்ல இருபது லோடு மட்டும் வந்தா விலை எங்க நிக்கும்? அந்த விலையைப் பார்த்து "தக்காளியோட உண்மையான மதிப்பு இதுதான்"னு சொல்வீங்களா?

ஜொமேட்டோல பழையவங்க ஷேருக்கு ஒரு வருஷ பூட்டு. அது திறந்த தேதி 2022 ஜூலை 23, சனிக்கிழமை. கம்பெனியோட மொத்த ஷேர்ல 78 சதவீதம், 613 கோடி ஷேர், விக்கலாம்னு ஆச்சு. திங்கக்கிழமை சந்தை திறந்ததும் விலை பத்து சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. அடுத்த நாளும் விழுந்துச்சு. எங்க போய் நின்னுச்சு தெரியுமா? 41 ரூபாய் பக்கம். தாமோதரன் ஒரு வருஷம் முன்னாடி சொன்ன அதே நம்பர். அந்த வார இறுதில பிரியாணி வியாபாரத்துல எதுவும் மாறல. மாறினது லோடு எண்ணிக்கை. அடுத்த சில நாள்ல ஊபரும் தன் பங்கு முழுசையும் வித்துட்டு வெளிய போச்சு. ஊபர் ஈட்ஸை 2020-ல ஜொமேட்டோகிட்ட கொடுத்தப்போ கிடைச்ச பங்கு அது.

அந்தத் தேதி ரகசியம் ஒண்ணும் இல்ல. ஆவணத்துலயே இருந்துச்சு. ஒரு வருஷத்துக்கு முன்னாடியே காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கலாம். அதுக்கப்புறம் செபி விதிகளை மாத்தினதால ப்ரமோட்டர் அல்லாத பழைய முதலீட்டாளர்களுக்கு இந்தப் பூட்டு பொதுவா ஆறு மாசம்தான். ஐபிஓ திறக்கிறதுக்கு முந்தின நாள் வாங்குற ஆங்கர் முதலீட்டாளர்களுக்கு பாதி ஷேருக்கு 30 நாள், மீதிக்கு 90 நாள். புதுசா எந்த ஆப் கம்பெனி லிஸ்ட் ஆனாலும் நான் முதல்ல பண்றது, இந்த மூணு தேதியையும் போன்ல ரிமைண்டர் போடுறது.

இங்க ஒரு கேள்வி வரும். "லிஸ்டிங் கெயின் எடுத்துட்டு அன்னிக்கே வித்துட்டா?" சரி, அதையும் கணக்குப் போடுவோம். ஜொமேட்டோல ஒரு லாட் 195 ஷேர், 14,820 ரூபாய். லிஸ்டிங் விலைல வித்தா 7,800 ரூபாய் லாபம். நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்களுக்கு லாட் கிடைச்சிருக்கணுமே! தொடர்ந்து லாபம் காட்டாத கம்பெனி ஐபிஓ வந்தா, 75 சதவீதம் பெரிய நிறுவன முதலீட்டாளர்களுக்குப் போகணும், நம்மள மாதிரி சில்லறை ஆளுங்களுக்கு அதிகபட்சம் 10 சதவீதம்தான்னு செபி விதி. வழக்கமான ஐபிஓல நமக்கு 35 சதவீதம். அந்தப் பத்துக்கு ஜொமேட்டோல ஏழு மடங்கு கூட்டம் நின்னுச்சு. அதனால லிஸ்டிங் கெயின்ங்கிறது குலுக்கல் சீட்டு. விழுந்தா சந்தோஷம், அதுல இருபது சதவீதம் இப்போ வரி. இதை முதலீடுன்னு சொல்றதுல மட்டும்தான் எனக்குப் பிரச்சினை. கிரே மார்க்கெட் பிரீமியம்னு வாட்ஸ்அப் குரூப்ல வர்ற நம்பர் எந்தக் கட்டுப்பாட்டுலயும் வராது. அதைப் பத்தி நான் ஒரு நிமிஷம்கூட செலவு பண்ண மாட்டேன். சீட்டு விழாதவங்க லிஸ்டிங் அன்னிக்குக் காலைல பத்து மணிக்கு ஆசைல வாங்குறாங்க பாருங்க, அவங்க நிலைமைதான் பாவம். குலுக்கல்ல ஜெயிச்சவர் விக்கிற சீட்டை, பரிசுத் தொகையும் சேர்த்துக் கொடுத்து வாங்குறாங்க.

சரி, இதுவரைக்கும் கேட்டா தாமோதரன் ஜெயிச்சார், கதை முடிஞ்சதுன்னு தோணும். முடியல. 41-ல நின்ன அதே ஷேர் 2024 டிசம்பர்ல 300 ரூபாயைத் தாண்டுச்சு. அதே மாசம் சென்செக்ஸ்லயும் சேர்ந்துச்சு. 41 கணக்குப் போட்டவரை நம்பி ஒதுங்கி நின்னவங்க என்ன சொல்வாங்க?

காரணத்தைப் பார்க்கணும். 2022 ஜூன்ல ஜொமேட்டோ, பிளிங்கிட்டை 4,447 கோடிக்கு வாங்கப் போறதா அறிவிச்சது, காசா இல்லாம ஷேரா கொடுத்து. பழைய குரோஃபர்ஸ்தான் இந்த பிளிங்கிட். அன்னிக்கு முதலீட்டாளர்கள் கொதிச்சாங்க. "சாப்பாடு வியாபாரமே இன்னும் லாபம் இல்ல, அதுக்குள்ள மளிகையா?" விலை சரிஞ்சதுல இதுக்கும் பங்கு உண்டு. அப்புறம் பத்து நிமிஷ மளிகை எப்படி வளர்ந்துச்சுன்னு உங்க தெருவுல நிக்கிற வண்டிகளே சொல்லும். 2025-ல கம்பெனி தன் பேரையே எட்டர்னல்னு மாத்திக்கிச்சு. ஜொமேட்டோ அதுல ஒரு பிராண்ட் மட்டும். ஆக, 300 ரூபாய்க்குக் கொண்டு போன வியாபாரத்துல பெரும்பகுதி 2021-ல ஜொமேட்டோகிட்ட இல்ல. படிச்சவருக்கும் தெரியாது, படிக்காதவருக்கும் தெரியாது, சொல்லப்போனா கம்பெனிக்கே முழுசா தெரிஞ்சிருக்காது.

அப்போ கணக்குப் போடுறது வீணா? ரெண்டு பேரை எடுத்துக்குங்க. ஒருத்தர் லிஸ்டிங் அன்னிக்கு 126-க்கு வாங்கினார். விலை நவம்பர்ல 169 வரைக்கும் போச்சு, அவர் விக்கல. அப்புறம் மூணுல ஒரு பங்கா தேய்ஞ்சதைப் பார்த்தார். போட்ட காசை மறுபடி பார்க்க 2023 கடைசி ஆச்சு. தாங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தா 2024-ல ரெண்டு மடங்குக்கு மேல. இன்னொருத்தர் ஆவணம் படிச்சு, கணக்குப் போட்டு, தேதி குறிச்சு, 2022 ஆகஸ்ட்-செப்டம்பர்ல 60 ரூபாய் பக்கத்துல வாங்கினார். அவருக்கு அஞ்சு மடங்கு. அதே கம்பெனி, அதே பிளிங்கிட் அதிர்ஷ்டம். எதிர்பாராத நல்லது ரெண்டு பேருக்கும் கிடைச்சது. ஒருத்தர் அதுக்கு முன்கூட்டியே விலை கொடுத்திருந்தார், இன்னொருத்தருக்கு கிட்டத்தட்ட இலவசம். பிளிங்கிட் தோத்திருந்தா முதல் ஆள் கதை என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கலாம். பேடிஎம்ல அந்த மாதிரி ஆளுங்க நிறைய.

"அப்போ எப்பவும் ஒரு வருஷம் காத்திருந்தா போதுமா?" இல்ல. இதுக்கு எதிர் உதாரணமும் இருக்கு, நாம எல்லாரும் திட்டிக்கிட்டே யூஸ் பண்ற வெப்சைட். ஐஆர்சிடிசி. 2019 அக்டோபர்ல 320 ரூபாய்க்கு ஐபிஓ, 644-க்கு லிஸ்ட் ஆச்சு. டபுள்! "விலை இறங்கட்டும், வாங்கலாம்"னு காத்திருந்தவங்க இன்னும் காத்திருக்காங்க. அடுத்த வருஷம் கொரோனாவுல ரயிலே ஓடாதப்பகூட அந்த விலைக்கு வரல. ஏன்? மொத்தம் 16 கோடி ஷேர். 644 ரூபாய்ல பெருக்கினா 10,300 கோடி. முந்தின வருஷ லாபம் 270 கோடிக்கு மேல. 38 மடங்கு. ஜொமேட்டோவுக்கு நாம எதிர்காலத்துல கற்பனை பண்ணின 40 மடங்கு, இங்க நிகழ்காலத்துலயே கிடைச்சது, டபுள் ஆன பிறகும். ஒரு டிக்கெட் கணக்கும் எளிமை: ஏசி இல்லாத டிக்கெட்டுக்கு 15 ரூபாய், ஏசிக்கு 30 ரூபாய் சேவைக் கட்டணம். போட்டி கிடையாது. டெலிவரி செலவும் கிடையாது, ஒரு பிடிஎஃப் அனுப்பினா போதும்.

ஆனா அந்த 15 ரூபாய் யார் முடிவு பண்றது? 2016 நோட்டு செல்லாத நேரத்துல அரசு அந்தக் கட்டணத்தை நிறுத்துச்சு. ஐபிஓவுக்கு ஒரு மாசம் முன்னாடி, 2019 செப்டம்பர்ல திரும்ப வந்துச்சு. 2021 அக்டோபர் 28-ம் தேதி, இனிமே அந்த வருமானத்துல பாதி ரயில்வேக்குன்னு ஒரு கடிதம். மறுநாள் காலைல ஷேர் 25 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. மதியத்துக்குள்ள முடிவை வாபஸ் வாங்கிட்டாங்க. ஒரு லெட்டர், ஒரு நாள். பேடிஎம்முக்கு யுபிஐ கட்டணம், இங்க சேவைக் கட்டணம். அதனால ஒரு ஆர்டர் கணக்கு எவ்வளவு அழகா இருந்தாலும், அந்த விலையோட ரிமோட் யார் கைல இருக்குன்னு ஒரு தடவை தேடிடுங்க. ஆவணத்துல "ரிஸ்க் ஃபேக்டர்ஸ்"னு ஒரு பகுதி இருக்கும். அதுல முக்கால்வாசி "பூகம்பம் வந்தால் பாதிப்பு ஏற்படலாம்" வகை. ஒழுங்குமுறை, கட்டணம், அரசுங்கிற வார்த்தைகளை மட்டும் சர்ச் பண்ணிப் படிங்க, அரை மணி நேரம்.

என் அத்தை பையன்கிட்ட நான் சொன்னது இவ்வளவுதான்: அந்த ஆப்ல ஒரு ஆர்டருக்கு என்ன மிச்சம்னு ஆவணத்துல தேடி எனக்கு ஒரு நம்பர் அனுப்பு, மொத்த விலை எத்தனை கோடின்னு இன்னொரு நம்பர் அனுப்பு, அப்புறம் பேசலாம். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. மொத்த விலை கண்டுபிடிச்சுட்டான். ஒரு ஆர்டர் கணக்கு ஆவணத்துல எங்கயும் தனியா கொடுக்கலையாம், எல்லாத்தையும் சேர்த்து "அட்ஜஸ்டட்" நம்பர்தான் இருக்காம். போனஸ் இப்போதைக்கு எஃப்டில இருக்கு, முதல் ரெண்டு காலாண்டு முடிவுகள் வரட்டும்னு. போன்ல மூணு ரிமைண்டர் போட்டாச்சு.

உங்க கைல இருக்கிற ஆப்புக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தீங்கன்னா, எந்தப் பக்கத்துல இருந்து எந்த நம்பரை எடுத்தீங்கன்னு சேர்த்து அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அதுல ஒண்ணை எடுத்து முழுசா பிரிச்சுப் பார்க்கலாம்.